மண்டையோட்டின் பல்லில் உட்கார்ந்த பட்டாம்பூச்சி: ஒரு நாவல், ஒரு சந்தேகம்

பெரம்பூர் வாசகி கேட்டது:

வணக்கம். எங்கள் பகுதி நூலகத்தில் மாதம் ஒரு முறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஒரு நாவலைப் பற்றிப் பேசுவோம். இந்த மாதம் எரிக் மரியா ரெமார்க்கின் ‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’. முதல் உலகப்போரைப் பற்றிய ஜெர்மன் நாவல், 1929இல் புத்தகமாக வந்தது. ‘நாவலில் படிமமும் முரணும்’ என்று ஒரு தலைப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். இருபது நிமிடம் பேச வேண்டும். வருகிற ஞாயிறு.

ஆங்கிலத்தில் இரண்டு முறை படித்துவிட்டேன். இரண்டாவது முறை மின்சார ரயிலில், பாதி நாள் நின்றுகொண்டே. பென்சிலால் கோடு போட்ட இடங்களுக்குக் குறைவில்லை. பிரச்சினை வேறு. இணையத்தில் கிடைக்கிற நோட்ஸ் எல்லாம் வாய்ப்பாடு போல இருக்கின்றன. பட்டாம்பூச்சி என்றால் நம்பிக்கை, மண்டையோடு என்றால் சாவு, ஆகவே முரண். செர்ரிப் பூ என்றால் சமாதானம், ஆகவே படிமம். ஐந்து மதிப்பெண்.

ஆறாம் அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். போர்முனைக்குத் திரும்பும் வழியில் குண்டு விழுந்து சிதைந்த ஒரு பள்ளிக்கூடம். அதன் சுவரோரம் இரண்டு வரிசையாகப் புத்தம்புதுச் சவப்பெட்டிகள், குறைந்தது நூறு, அடுக்கி வைத்திருக்கிறார்கள். இன்னும் பாலிஷ் போடாத மஞ்சள் மரம், பைன் பிசின் வாசனை, காட்டு வாசனை. பையன்கள் அதைப் பார்த்துக் கிண்டலடித்துக்கொண்டே நடக்கிறார்கள். அதே அத்தியாயத்தில் கொஞ்சம் தள்ளி, பதுங்குகுழிக்கு முன்னால் இரண்டு மஞ்சள் பட்டாம்பூச்சிகள், இறக்கையில் சிவப்புப் புள்ளி. ஒரு மண்டையோட்டின் பற்களில் போய் உட்காருகின்றன.

இதைப் படித்தபோது எனக்கு ‘நம்பிக்கை’ எதுவும் வரவில்லை. வயிற்றைப் பிசைந்தது. அப்படியானால் அது என்ன? எப்படிப் பேசினால் வாய்ப்பாடு ஆகாமல் இருக்கும்? யாராவது வழி காட்டுங்கள்.

---

சினிமா பைத்தியம், வடபழனி:

பட்டாம்பூச்சிதான் நாவலின் உயிரே, சகோ. கடைசிக் காட்சியை விட்டுவிட்டீர்களே. ஹீரோ பதுங்குகுழியிலிருந்து பட்டாம்பூச்சியைத் தொடக் கையை நீட்டுவான், எதிரி சுடுவான், கை துவண்டுவிடும். அதைவிடப் பெரிய முரண் உண்டா? அதில் ஆரம்பியுங்கள், கூட்டமே அமைதியாகிவிடும்.

---

ஈய எழுத்து, திருவல்லிக்கேணி:

வடபழனி தம்பி, அது 1930இல் வந்த படம். நாவலில் அப்படி ஒரு காட்சி கிடையாது. இந்தம்மா அதைக் கூட்டத்தில் சொல்லி, யாராவது எழுந்து கேட்டால் மானம் போய்விடும்.

அம்மா, நான் இலக்கியம் படித்தவன் இல்லை. 26 வருடம் அச்சகத்தில் கம்பாசிட்டர். எழுத்துகளை அறையறையாக வைக்கும் கேஸ் முன்னால் நின்று ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்கிய ஆள். இந்த நாவல் எனக்குக் கிடைத்தது பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடையில், அட்டை இல்லாத ஒரு ஆங்கிலப் பிரதி. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு மாதம் படித்தேன். அப்புறம் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கு இல்லை. அதனால் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

பட்டாம்பூச்சி இந்தக் கதையில் ஒரு இடத்தில் மட்டும் வரவில்லை. முதல் அத்தியாயத்தில் பையன்கள் புல்வெளியில் கழிப்பறைப் பெட்டிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து சீட்டாடுகிறார்களே, அங்கேயே வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் பறக்கின்றன. ஆறாவதில் மண்டையோடு. ஏழாவதில் கதையைச் சொல்லும் பால் போய்மர் விடுப்பில் வீட்டுக்கு வருகிறான். சுவரோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள்ளே பல நிறத்தில் பட்டாம்பூச்சிகள். சின்ன வயதில் அவனே பிடித்துச் சேர்த்தவை. ஒரு காலத்தில் இதைத் துரத்திப் பிடித்துப் பெட்டிக்குள் வைத்த பையன்தான் பதுங்குகுழியில் உட்கார்ந்து மண்டையோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதை ரெமார்க் எங்கேயும் சேர்த்துச் சொல்வதில்லை. ஆறாவதில் ஒன்று, ஏழாவதில் ஒன்று, அவ்வளவுதான். சேர்ப்பது நம்முடைய வேலை.

இன்னொன்றும் கவனியுங்கள். சுற்றிலும் பல மைலுக்குச் செடியும் இல்லை, பூவும் இல்லை என்று அதே இடத்தில் எழுதுகிறார். பட்டாம்பூச்சி மண்டையோட்டில் உட்கார்ந்தது உட்கார வேறு இடம் இல்லாததால். அதற்கு அது பல்லும் இல்லை, சாவும் இல்லை. உங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். நம்பிக்கையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

நான் புரிந்துகொண்டது இதுதான். அழகான ஒன்றையும் கோரமான ஒன்றையும் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைப்பது சுலபம், காலண்டர் ஓவியன்கூடச் செய்வான். இவர் ஒரே பொருளை எடுத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார். பொருள் அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்கிறவன்தான் வேறு ஆளாகிவிடுகிறான்.

இதை எங்கள் தொழிலை வைத்துச் சொன்னால் எனக்குச் சுலபம். காலையில் கல்யாணப் பத்திரிகை அடுக்குவோம். மத்தியானம் கருமாதிப் பத்திரிகை வரும், அது எப்போதும் அவசரம். அதே கேஸ், அதே எழுத்து. காலையில் மணமகன் பெயரில் இருந்த ‘ன்’தான் மத்தியானம் செத்தவர் பெயரிலும். ஓட்டி முடித்ததும் எழுத்தைப் பிரித்து மறுபடி அறையறையாகப் போட்டுவிடுவோம். ஒரு முறை முந்தின வேலையை முழுதாகப் பிரிக்காமல் விட்டுவிட்டான் ஒரு பையன். கல்யாணப் பத்திரிகை புரூஃபில் மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் ‘அமரர்’ வந்துவிட்டது. தாத்தாவே புரூஃப் பார்க்க வந்திருந்தார்! முதலாளி பயந்துபோனார். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ‘கொஞ்சம் முன்கூட்டியே அடிச்சிட்டீங்க’ என்றார். எழுத்துக்கு ஒன்றும் தெரியாது அம்மா. பட்டாம்பூச்சி மாதிரிதான் அதுவும்.

இப்போது பூட்ஸுக்கு வாருங்கள். பாலின் வகுப்புத் தோழன் கெம்மெரிச்சுக்குக் காலை எடுத்துவிட்டார்கள். கட்டிலுக்கு அடியில் அவனுடைய பூட்ஸ். ஆங்கிலேய விமானக்காரன் போடுகிற மாதிரி, மெத்தென்ற மஞ்சள் தோல், முழங்கால் வரை கட்டுகிற ரகம். பார்க்க வந்த இன்னொரு வகுப்புத் தோழன் ம்யூலர் அதைக் கேட்கிறான். முதல் முறை படித்தபோது எனக்கு ம்யூலரை அறைய வேண்டும் போல இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, அவன் கெட்டவன் இல்லை. நல்ல பூட்ஸ் அங்கே கிடைக்காது, கெம்மெரிச்சுக்கு இனி அது உதவாது, அவ்வளவுதான் கணக்கு. பிறகு ம்யூலர் சாகிறான், பூட்ஸ் பாலிடம் வருகிறது. ஒவ்வொரு சாவுக்கும் ஒப்பாரி வைக்காமல், ஒரு ஜோடி செருப்பை நடக்கவிட்டே ஆட்களைக் குறைத்துக்கொண்டு வருகிறார்.

முதல் பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். நாவல் சந்தோஷத்தில் ஆரம்பிக்கிறது. வயிறு முட்ட மாட்டுக்கறியும் மொச்சையும் (அது வெள்ளை பீன்ஸ், நான் மொச்சை என்றே படித்துக்கொண்டேன்), இரட்டைப் பங்கு ரொட்டி, இரட்டைப் பங்கு சாசேஜ். இவ்வளவு ஏன் என்று நாம் யோசிக்கும்போது காரணம் மெதுவாக வருகிறது. சமையல்காரன் 150 பேருக்குச் சமைத்திருக்கிறான், திரும்பி வந்தது 80 பேர். நாமும் அந்தச் சாப்பாட்டை ரசித்துவிட்டுத்தானே இங்கே வந்தோம்? சாவை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் சோற்றைச் சொல்லியிருந்தால் அது சாதாரணச் சோகக் கதை. வரிசையை மாற்றி அடுக்கினார் பாருங்கள், அங்கேதான் கை தெரிகிறது.

எனக்கு இந்த நாவலில் விட முடியாத இடம் ஒன்பதாம் அத்தியாயம். குண்டு விழுந்த பள்ளத்தில் பால் ஒளிந்திருக்கிறான், ஒரு பிரெஞ்சுக்காரன் மேலே வந்து விழுகிறான், இவன் கத்தியால் குத்திவிடுகிறான். உடனே சாகவில்லை. மணிக்கணக்காக அந்த மூச்சுச் சத்தத்தோடு இவன் அதே பள்ளத்தில் கிடக்க வேண்டும். செத்த பிறகு பையிலிருக்கும் காகிதங்களைப் பிரிக்கப் பயப்படுகிறான், பெயர் தெரிந்துவிட்டால் மறக்க முடியாது என்று. கடைசியில் பிரிக்கிறான். மனைவி, சின்னப் பெண் குழந்தை, புகைப்படம். ஜெரார் டுவால், அச்சுத் தொழிலாளி.

என் தொழில்! அன்றைக்கு ராத்திரி புத்தகத்தை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். நான் அச்சுத் தொழிலாளி ஆக வேண்டும் என்று பால் பிதற்றுகிறான், அவனுக்குப் பதிலாக வாழ்வானாம். நல்ல வேளை, ரெமார்க் அதை அங்கேயே விடவில்லை. மறுநாள் தன் ஆட்களோடு சேர்ந்ததும் பால் தெளிந்துவிடுகிறான், போர் என்றால் போர்தான் என்று. பக்கத்தில் ஒருவன் தூரத்தில் இருக்கிறவர்களைக் குறிபார்த்துச் சுட்டு எண்ணிக்கொண்டிருக்கிறான். நேற்றைய பிதற்றலும் இன்றைய தெளிவும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. எது உண்மை என்று அவர் சொல்வதில்லை. இரண்டுமே உண்மைதான் என்பது என் கட்சி.

மன்னிக்கவும், நீளமாகிவிட்டது. பார்வை மங்கிவிட்டது, பேத்தி தட்டச்சு செய்கிறாள். போதும் தாத்தா என்கிறாள்.

---

மாம்பலம் ஜெர்மன்:

நான் கோதே இன்ஸ்டிட்யூட்டில் கொஞ்சம் ஜெர்மன் படித்தேன், அதனால் ஒரு சின்னச் செய்தி. மூலத் தலைப்பில் ‘அமைதி’ என்ற வார்த்தையே இல்லை. ‘இம் வெஸ்டன் நிச்ட்ஸ் நாயஸ்’ என்றால் ‘மேற்கில் புதிதாக ஒன்றுமில்லை’. ராணுவ அறிக்கையின் நடை அது. கடைசிப் பத்தியில்தான் அதன் விஷம் ஏறும். 1918 அக்டோபர், போர்முனை முழுவதும் அமைதியாக இருந்த ஒரு நாளில் பால் சாகிறான். அன்றைய அறிக்கை அந்த ஒரே வரிதான். அவன் செத்தது செய்தியே இல்லை.

இன்னும் ஒன்று. புத்தகம் முழுக்க ‘நான்’, ‘நாங்கள்’ என்று பேசிக்கொண்டு வந்த குரல் அந்தக் கடைசிப் பத்தியில் இல்லை. ‘அவன்’ ஆகிவிடுகிறான். நீங்கள் தேடுகிற முரண் இலக்கணத்திலேயே இருக்கிறது, பூவிலும் பூச்சியிலும் மட்டும் தேட வேண்டாம்.

---

சூளைக்காரன்:

ஈய எழுத்து ஐயா சொன்னது அருமை. ஆனால் எல்லாவற்றையும் ‘ஒரே பொருள்’ என்ற சட்டத்துக்குள் அடைக்க முடியாது. நாலாவது அத்தியாயத்தில் குதிரைகள் கதறுகிற இடம் என்ன ஆனது? மனிதன் அடிபட்டுக் கத்துவதை எத்தனையோ நாளாகக் கேட்டுக் கேட்டு மரத்துப்போனவர்கள், குதிரை கத்துவதைத் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். டெடரிங் விவசாயி, குதிரையோடு வாழ்ந்தவன். சுடுங்கள், அதைச் சுட்டுத் தொலையுங்கள் என்று கூச்சல் போடுகிறான். இங்கே இரண்டு தனித்தனி விஷயங்களைத்தான் நேருக்கு நேர் நிறுத்துகிறார், மனிதச் சத்தம் ஒரு பக்கம், மிருகச் சத்தம் ஒரு பக்கம். நாம் எதற்குப் பழகிவிட்டோம் என்பது அப்போதுதான் தெரிகிறது.

எனக்கு இது படிப்பு விஷயம் மட்டும் இல்லை. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று மெட்ராஸே காலியானது. அப்போது மிருகக்காட்சி சாலை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று சிங்கம், புலி எல்லாவற்றையும் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். என் தாத்தா ஊரை விட்டுப் போகாதவர். அந்த ஏப்ரலைப் பற்றிக் கேட்டால், ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலுக்கு ஓடியதை இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். அந்தத் துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசுவார். அதற்கப்புறம் பல நாள் விடியற்காலையில் சிங்கத்தின் குரல் கேட்கவில்லையே என்று விழித்துக்கொள்வாராம். நாலாம் அத்தியாயத்தைப் படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

அதே டெடரிங்தான் பின்னால் செர்ரிப் பூவைப் பார்த்து ஊர் ஞாபகம் வந்து ராணுவத்தை விட்டு ஓடுகிறான். ஹாலந்து பக்கம் ஓடியிருந்தால் தப்பியிருக்கலாம், நேராக ஜெர்மனிக்கே ஓடி மாட்டிக்கொள்கிறான். செர்ரிப் பூ சமாதானம் என்று எழுதுகிறவர்கள் இதைப் படித்தார்களா என்று தெரியவில்லை. அந்தப் பூதான் அவனை மாட்டிவிட்டது.

கடைசியாக ஒன்று: கூட்டத்தில் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசுங்கள். 1972இல் வந்த நாவல். சுமத்ராவின் மேடானும் மலேயாவின் பினாங்கும் ஜப்பானியர் கையில் இருந்த காலம். அதற்கு நடுவே மதுரைத் தெருக்களும் சின்னமங்கலத்துச் சந்தையும் நாயகன் பாண்டியனின் நினைவில் வந்துகொண்டே இருக்கும். நமக்கும் ஒரு போர் நாவல் இருக்கிறது.

---

நந்தம்பாக்கம் நடைப்பயிற்சி:

எல்லாரும் எழுதிவிட்டீர்கள், நான் ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன். ஞாயிறுக்குள் ஒரு காலை நேரம் மவுண்ட் பூந்தமல்லி ரோட்டில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டுப் போங்கள். இரண்டாம் போரில் செத்தவர்களின் கல்லறை அது. முதல் போரில் செத்து இந்தியாவில் வேறு இடங்களில் புதைக்கப்பட்டவர்களுக்கும் அங்கே ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. வெளியே லாரியும் ஷேர் ஆட்டோவும் அலறும். கேட்டைத் தாண்டினால் புல்லை சீப்பால் வாரி விட்ட மாதிரி இருக்கும். கற்கள் எல்லாம் ஒரே உயரம். குனிந்து வயதைப் படித்துக்கொண்டே போங்கள்: 20, 22, 19. நான் தினமும் நடக்கிறவன். பல வருடம் அந்தப் புல்லின் பச்சையை மட்டும்தான் பார்த்திருந்தேன், வயதைப் படித்தது இந்த நாவலுக்குப் பிறகு.

எம்டன் பற்றியும் யாரும் சொல்லவில்லையே? 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் நம் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. இன்று அது வீட்டில் கெடுபிடி செய்கிற ஆளுக்கு வைக்கிற பட்டப்பெயர். என் மனைவி என்னைச் சொல்வது.

---

பெரம்பூர் வாசகி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று நந்தம்பாக்கம் போய்விட்டு வந்தேன். ஒரு தோட்டக்காரர் கத்தரியை வைத்துக்கொண்டு கல்லின் அடியில் மட்டும் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார். எழுத்தைப் புல் மறைக்கக் கூடாது என்றார். வேறு எதுவும் பேசவில்லை. அவரைப் பற்றிப் பேச்சில் சொல்லலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சொன்னால் நானே வாய்ப்பாடு போடுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயம்.

இப்போதைக்கு என் திட்டம் இது. முதல் பக்கச் சாப்பாட்டில் ஆரம்பிக்கிறேன், 150ஐயும் 80ஐயும் கொஞ்சம் தாமதமாகச் சொல்கிறேன். அப்புறம் மூன்று பட்டாம்பூச்சி. குதிரைகளுக்கு சூளைக்காரன் சொன்னபடி தனி இடம். அதற்கப்புறம் பூட்ஸ்: கெம்மெரிச் காலிலிருந்து ம்யூலர், ம்யூலரிடமிருந்து பால், கடைசியில் அவன் கூட்டாளி ட்ஜாடன் அதைப் போட்டுக்கொள்வதோடு முடிக்கிறேன். தலைப்பின் பொருளைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

ஈய எழுத்து ஐயா, அந்தக் கல்யாணப் பத்திரிகைக் கதையைச் சொல்லிக்கொள்ளட்டுமா?

---

ஈய எழுத்து, திருவல்லிக்கேணி:

தாராளமாகச் சொல்லுங்கள் அம்மா. அச்சகம் எது என்று கேட்டால் மட்டும் மறந்துவிட்டேன் என்று சொல்லுங்கள், முதலாளியின் மகன் இன்னும் இதே தெருவில்தான் இருக்கிறார்.

ஒரு திருத்தம். ட்ஜாடன் அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டதாக நாவலில் இல்லை. எனக்குப் பிறகு உனக்கு என்று பால் அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான். பால் செத்த பிறகு பூட்ஸைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. ‘போட்டுக்கொள்வதோடு’ என்பதை அடித்துவிட்டு ‘வாக்கோடு’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். தோட்டக்காரரைப் பற்றிச் சொல்லுங்கள், ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுங்கள்.